பகீயில் நாம் தேட வேண்டியது எது?

உம்ரா முடித்துத் திரும்புகிறவர்களிடம் மதீனாவைப் பற்றிக் கேட்டால், ரவ்ளாவில் தொழக் கிடைத்த சில நிமிடங்களையும் குபா பள்ளியையும் உஹது மலையடிவாரத்தையும் கண்கள் கலங்கச் சொல்வார்கள். ஜன்னத்துல் பகீ என்ற பெயர் வந்ததும் பேச்சின் சுருதி மாறிவிடுகிறது. "அங்கே என்ன இருக்கிறது? வெறும் மண்மேடுகள். யார் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை" என்று ஒரு சாரார் வருந்துவர். "அப்படித்தான் இருக்க வேண்டும், நம் ஊர்களும் அப்படி ஆக வேண்டும்" என்று மற்றொரு சாரார் குரலை உயர்த்துவர். சற்று நேரத்தில் பகீ மறைந்து, நம் ஊர் தர்காவும் நம் ஊர்ச் சண்டையும் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். இரு சாராரிடமும் நாம் கேட்க விரும்புவது ஒன்று உண்டு: அங்கே அடங்கியிருப்பவர்களுக்காக நீங்கள் அல்லாஹ்விடம் எவ்வளவு நேரம் கையேந்தினீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த மௌனத்தைக் குறித்தே இதை எழுதுகிறோம்.

மஸ்ஜிதுந் நபவீயின் வெளிமுற்றம் கிழக்கே முடிகிற இடத்தில் பகீயின் சுவர் எழுகிறது. கிழக்கிலும் மேற்கிலும் எரிமலைக் குழம்பு உறைந்து கருங்கல்லாய்ப் பரந்து கிடக்க, நடுவில் பேரீச்ச மரங்களோடு பசுமை கொண்ட பாலைவன ஊர் மதீனா. அதன் ஓரத்தில் முட்செடிகள் மண்டிக் கிடந்த நிலமாக இது இருந்தது. பல்வகை மரங்களின் வேர்கள் நிறைந்த நிலத்தை அரபியர் 'பகீ' என்பர். 'கர்கத்' என்பது முள் நிறைந்த ஒரு செடியின் பெயர். இவ்விரண்டும் சேர்ந்ததே ஹதீஸ்களில் நாம் காணும் 'பகீஉல் கர்கத்'. ஜன்னத்துல் பகீ என்பது பின்னர் மக்கள் நாவில் வழங்கிய பெயர். இன்று அங்கே முட்செடி இல்லை. பல முறை விரிவாக்கப்பட்டு, ஏறத்தாழ 1,75,000 சதுர மீட்டர் பரப்பில், சிமெண்டுப் பாதைகளும் அவற்றின் இருபுறமும் பழுப்பு நிற மண்மேடுகளுமாய் விரிந்து கிடக்கிறது. தலைமாட்டில் ஒரு கல். கல்லில் எழுத்து இல்லை. மேலே புறாக்கள்.

அந்தக் கல்லிலிருந்தே தொடங்குவோம். முஹாஜிர்களில் முதன்முதலாகப் பகீயில் அடக்கப்பட்டவர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி). இஸ்லாத்தின் தொடக்க நாள்களிலேயே ஈமான் கொண்டு, அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, பத்ரிலும் கலந்துகொண்டவர். அவர் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் குனிந்து அவரை முத்தமிட்டார்கள். அவர்களுடைய கண்ணீர் வழிந்தது. அடக்கம் முடிந்தபின் ஒருவரிடம் ஒரு கல்லை எடுத்துவரச் சொன்னார்கள். அவரால் அதைத் தூக்க இயலவில்லை. நபியவர்களே எழுந்து சென்று, கைகளின் ஆடையை மேலேற்றி, கல்லைச் சுமந்துவந்து தலைமாட்டில் வைத்தார்கள். என் சகோதரரின் கப்ரை இதனால் நான் அறிந்துகொள்வேன், என் குடும்பத்தில் இறப்போரை இவரருகே அடக்குவேன் என்ற கருத்தில் அவர்கள் கூறியதை அபூதாவூத் பதிவுசெய்துள்ளது. அக்கல்லைப் பற்றிய அறிவிப்பில் முழங்கைக்கு மேல் விலக்கப்பட்ட ஆடையும், தெரிந்த அவர்களின் கரங்களின் வெண்மையும்கூட இடம்பெறுகின்றன. கண்ணால் கண்டவர் எவ்வளவு அருகில் நின்றிருந்தார் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஆகவே ஒரு கப்ரை அடையாளம் காண்பதே தவறு என்று யாராவது சொன்னால், இந்தக் கல் அவருக்கு மறுப்பு. கல்லின்மீது கோபுரம் எழுப்புவதற்கு இதையே ஆதாரமாக்க முனைபவருக்கும் இதே கல் மறுப்பு. அன்புள்ளவன் திரும்பி வருவதற்குப் போதுமான அளவே அந்த அடையாளம் இருந்தது.

பின்னர் நபியவர்களின் குடும்பத்தார் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தனர். மகள்மார் ருகையா, ஸைனப், உம்மு குல்ஸூம் (ரலி). ஹிஜ்ரி 10இல், ஏறத்தாழ ஒன்றரை வயதில் மறைந்த பாலகர் இப்ராஹீம். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தந்தை, துக்கத்தின் நடுவிலும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்றும் எடுத்துரைத்தார்கள். தம் மகனின் கப்ரைச் சுற்றி ஒரு கட்டுக்கதை முளைப்பதை அன்றே கிள்ளி எறிந்தார்கள்.

கதீஜா, மைமூனா (ரலி) இருவரைத் தவிர அன்னையர் அனைவரும் பகீயில்தான் அடங்கியிருக்கிறார்கள். ஹஸன், அப்பாஸ் (ரலி), ஸைனுல் ஆபிதீன், முஹம்மது அல்பாகிர், ஜஅஃபர் ஸாதிக், இமாம் மாலிக் என்று பட்டியல் நீளும். மதீனாவில் ஏறத்தாழ பத்தாயிரம் ஸஹாபாக்கள் மறைந்ததாக இமாம் மாலிக் கூறினார் என்று அறிவிக்கப்படுகிறது. அவர்களில் எத்தனை பேருடைய இடம் இன்று தெரியும்? விரல்விட்டு எண்ணலாம். அவற்றிலும் சில வழிவழியாகச் சொல்லப்படுபவையே. ஃபாத்திமா (ரலி) அவர்கள் பகீயில் இருக்கிறார்களா, தம் வீட்டிலேயே அடக்கப்பட்டார்களா என்பதில்கூட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இங்கே இருவரைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் அடங்கியிருப்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில். தந்தை அபூபக்ர் (ரலி) அங்கேயே இருக்கிறார்கள். மூன்றாவது இடத்தை ஆயிஷா நாயகி தமக்கென்று எண்ணியிருந்தார்கள். குத்துப்பட்டுக் கிடந்த உமர் (ரலி) அவர்கள் தம் மகனை அனுப்பி அனுமதி கேட்டபோது, அதை விட்டுக்கொடுத்தார்கள். அதன் பிறகும், தம் இறுதிக் காலத்தில், தம்மை அந்த அறையில் அடக்க வேண்டாம், பகீயில் தம் தோழிகளோடு அடக்குங்கள், அங்கே வைப்பதால் நான் தனித்துப் புகழப்பட விரும்பவில்லை என்ற கருத்தில் வஸிய்யத் செய்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. தோழிகள் என்று அவர்கள் குறித்தது நபியவர்களின் மற்ற மனைவியரை. ஹிஜ்ரி 58இல் அவர்கள் மறைந்தபோது அபூஹுரைரா (ரலி) ஜனாஸா தொழுவித்தார்கள். இரவிலேயே அடக்கம் நடந்தது. தம் அறையை விட்டு, எல்லோரும் கிடக்கிற மண்ணைத் தேர்ந்துகொண்டார்கள்.

மற்றவர் ஹஸன் (ரலி). பாட்டனார் அருகே இடம் கிடைக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அதனால் சண்டை வருமானால், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் பகீக்கே என்னைக் கொண்டுசெல்லுங்கள் என்று தம்பி ஹுஸைன் (ரலி) அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் அஞ்சியபடியே எதிர்ப்பு வந்தது. வாட்கள் உருவப்படும் நிலை தவிர்க்கப்பட்டு, ஜனாஸா பகீக்கு வந்தது.

ஒருவர் புகழை வேண்டாமென்று பகீக்கு வந்தார். மற்றொருவர் சச்சரவு வேண்டாமென்று வந்தார். அவர்களுடைய கப்ருகளைத் தேடிக்கொண்டு நாம் எவற்றைச் சுமந்துசெல்கிறோம்?

ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் ஆண்களுக்காக வாயில் திறக்கப்படுகிறது. ரவ்ளாவுக்கு நுசுக் செயலியில் நேரம் பதிவுசெய்ய வேண்டும். பகீக்கு எந்தப் பதிவும் வேண்டாம். உள்ளே நுழைகிறவர்களில் பலர் கையில் கைப்பேசியோடுதான் நுழைகிறார்கள். அதில் எண்ணிட்ட ஒரு வரைபடம் இருக்கும். ஒன்று இவர், இரண்டு அவர் என்று சரிபார்த்துக்கொண்டே நடப்பார்கள். ஓரிடத்தில் கூட்டம் திரண்டால், அங்கே யாரோ முக்கியமானவர் இருக்கிறார் என்று மற்றவர்களும் ஓடுவார்கள். குழுவை அழைத்துவந்தவர் கைநீட்டிக் காட்டுகிற இடத்தைப் படம்பிடித்து, அங்கிருந்தே ஊருக்கு அனுப்புவார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துச் சட்டைப்பையில் ஒளிப்பவரும் உண்டு. புறாக்களுக்குத் தானியம் இறைப்பதையே ஜியாரத் என்று எண்ணிக்கொள்பவரும் உண்டு. காவலர் வந்து நகரச் சொல்வார். அவரோடு வாக்குவாதம். அதற்குள் வாயிலை மூடும் நேரம் வந்துவிடும். ஒரு மணி நேரம் பகீயில் இருந்துவிட்டு, மொத்தமாக ஒரு முறை ஸலாம் சொன்னதோடு வெளியே வருவார்கள். சில நேரம் அதுவும் இராது.

இவர்களின் அன்பை நாம் குறை சொல்லவில்லை. அன்பில்லாதவன் வரைபடத்தோடு வெயிலில் நடக்கமாட்டான். ஆனால் அந்த அன்பு போய்ச் சேர வேண்டிய இடத்தை நபியவர்களே காட்டித் தந்திருக்கிறார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஓர் இரவு, ஆயிஷா தூங்கிவிட்டதாக எண்ணிய நபி (ஸல்) அவர்கள், ஓசையின்றி மேலாடையை எடுத்து, மெதுவாகக் காலணி அணிந்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து வெளியேறினார்கள். ஆயிஷா நாயகியும் ஆடையைப் போர்த்திக்கொண்டு பின்னே சென்றார்கள். நபியவர்கள் பகீக்குச் சென்று நெடுநேரம் நின்றார்கள். மூன்று முறை கைகளை உயர்த்தினார்கள். பிறகு திரும்பினார்கள். இவர்களும் விரைந்து திரும்பி, ஓடி, முந்திவந்து படுத்துக்கொண்டார்கள். மூச்சிரைப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. மதரசாவில் இந்த ஹதீஸை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். நாமும் சிரிக்க விட்டுவிடுவோம். அதன் பின்தான் ஹதீஸின் மையம் வருகிறது. ஜிப்ரீல் (அலை) வந்து, பகீவாசிகளிடம் சென்று அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கும்படி உம் இறைவன் கட்டளையிடுகிறான் என்று அறிவித்ததாக நபியவர்கள் விளக்கினார்கள்.

கட்டளை என்ன என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்காகக் கேட்பது. உஹதிலும் பத்ரிலும் நின்றவர்கள் அடங்கிய மண்ணுக்கு, படைப்பினத்தில் மேலானவர்களான நபியவர்களை அனுப்பி, இவர்களுக்கு மன்னிப்புக் கேளும் என்கிறான் ரப்பு. தம்முடைய முறை வரும் இரவுகளில் நபியவர்கள் இரவின் கடைசிப் பகுதியில் பகீக்குச் செல்வது வழக்கம் என்றும் ஆயிஷா நாயகி அறிவிக்கிறார்கள். அந்த துஆவில் தனிப்பெயர் ஒன்றும் இல்லை. பகீஉல் கர்கத்வாசிகள் என்று எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்தே மன்னிப்பு வேண்டினார்கள். தலைமாட்டில் கல் வைத்துச் சகோதரரின் இடத்தை அறிந்திருந்தவர்கள், இப்ராஹீமின் இடத்தை அறிந்திருந்தவர்கள், அப்படிக் கேட்டார்கள். இறுதி நோய் தொடங்குவதற்குச் சற்று முன்னரும் நள்ளிரவில் அங்கே சென்று அவர்களுக்காக துஆச் செய்ததை அபூ முவைஹிபா (ரலி) அறிவித்ததாக சீரா நூல்கள் கூறுகின்றன.

கபுருஸ்தானுக்குப் போனால் இறந்தவர் நமக்கு என்ன தருவார் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. பகீயின் சுன்னத்தோ நாம் அவர்களுக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்று கேட்கிறது.

அங்கேயே நடந்த இன்னொரு நிகழ்வு அலீ (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு ஜனாஸாவுக்காக ஸஹாபாக்கள் பகீயில் இருந்தனர். நபியவர்கள் வந்து அமர்ந்தார்கள். சுற்றிலும் எல்லோரும் அமர்ந்தனர். கையிலிருந்த குச்சியால் தலைகுனிந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தார்கள். பிறகு, ஒவ்வோர் ஆன்மாவுக்கும் சொர்க்கத்திலோ நரகத்திலோ இடம் எழுதப்பட்டுவிட்டது என்றார்கள். அப்படியானால் அமல் செய்வதை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். செயல்படுங்கள், அவரவர் படைக்கப்பட்டதற்கு அவரவர்க்கு வழி எளிதாக்கப்படும் என்ற கருத்தில் பதில் வந்தது. கத்ரைப் பற்றிய மிகக் கடினமான கேள்விக்குப் பள்ளியின் மிம்பரிலன்றி, புதிதாய்த் தோண்டிய மண்ணின் அருகே விடை கிடைத்தது. இந்த ஹதீஸை ஓதித் தெரிந்துகொண்டு பகீயில் கால்வைப்பவருக்கு வரைபடம் அவ்வளவு அவசரமாகத் தோன்றாது.

இனி, எல்லோரும் எதிர்பார்க்கிற குப்பாக்களின் விஷயம். அதைத் தவிர்த்துவிட்டுப் பகீயைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

1184இல் மதீனா வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைரும், 1326இல் வந்த இப்னு பதூதாவும் பகீயில் குப்பாக்களைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அப்பாஸ், ஹஸன் (ரலி) இருவருக்கும் சேர்த்து உயர்ந்த குப்பா ஒன்று இருந்தது. இமாம் மாலிக்குக்குச் சிறியது ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் சவூதி ஆட்சி மதீனாவைக் கைப்பற்றியபோது அவை இடிக்கப்பட்டன. 1815இல் அங்கே தங்கிய பர்க்ஹார்ட் என்ற ஐரோப்பியப் பயணி கண்டவை இடிபாடுகளும் மண்குவியல்களும்தாம். பின்னர் உஸ்மானியர் மீண்டும் கட்டினர். 1925 டிசம்பரில் மதீனா இப்னு சவூதிடம் வந்தது. 1926இல், ஹிஜ்ரி 1344 ஷவ்வாலில், குப்பாக்கள் மறுபடியும் இடிக்கப்பட்டன. அந்தச் செய்தி இந்தியாவுக்கு வந்தபோது, கிலாஃபத் இயக்கத்தில் தோளோடு தோள் நின்றவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். அதே ஆண்டு மக்காவில் கூடிய உலக முஸ்லிம் மாநாட்டுக்கு சுலைமான் நத்வியும் அலீ சகோதரர்களும் சென்றார்கள். அங்கும் இது பேசப்பட்டது. இன்று ஏறத்தாழ நூறாண்டு கடந்தும், ஒரு தரப்பார் அந்த நாளைத் துக்க நாளாக நினைவுகூர்கிறார்கள்; இன்னொரு தரப்பார் தவ்ஹீதின் வெற்றி என்கிறார்கள்.

நம் கருத்தைக் கேட்டால் சொல்கிறோம். நம் கடற்கரை ஊர்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களிலேயே, பொது அடக்கத்தலத்தில் கப்ரின்மீது கட்டடம் எழுப்புவது கூடாது, எழுப்பினால் அகற்றப்பட வேண்டும் என்பதே சட்டம். மக்காவில் அப்படிக் கட்டப்பட்டவற்றை ஆட்சியாளர்கள் இடித்ததையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் அதைக் கண்டிக்காததையும் இமாம் ஷாஃபிஈ அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். பிற்கால அறிஞர்களில் சிலர் நபிமார், நல்லடியார் கப்ருகளுக்கு விலக்களித்தனர் என்பதும் உண்மை. இச்சட்டத்துக்கு நூல்களில் கூறப்படும் காரணம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பொது நிலம் இறக்கிற எல்லோருக்கும் உரியது. ஒருவருக்குக் கட்டடம் எழுந்தால் அடுத்த ஜனாஸாவுக்கு இடம் குறைகிறது. ஏழையின் ஆறடி நிலத்தை அந்தச் சட்டம் காக்கிறது.

எனவே குப்பா இல்லாத பகீயைக் கண்டு நம் மனம் சட்டத்தின் அடிப்படையில் கலங்குவதில்லை. ஆனால் நூற்றாண்டுகளாக மக்கள் கண்ணீரோடு ஸலாம் சொல்லிநின்ற இடத்தைக் கடப்பாரையால் இடித்த செய்தியை ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்லும்போது நமக்குக் கசக்கிறது. சட்டத்தை நிறைவேற்றுவதற்கும் ஓர் அதப் உண்டு. ஹஸன் நாயகம் அடங்கிய மண்ணருகில் நின்று வெற்றிக்குரல் எழுப்புகிறவருக்கு அந்த அதப் வாய்க்கவில்லை என்றே கருதுகிறோம். அதேபோல், குப்பா இல்லாததால் பகீ பாழடைந்துவிட்டது என்று புலம்புகிறவரிடமும் கேட்கிறோம்: உஸ்மான் இப்னு மழ்ஊனின் தலைமாட்டில் நபியவர்கள் நின்ற நாளில் அங்கே எந்தக் குப்பா இருந்தது?

சகோதரிகள் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நம் குடும்பங்களில் அதிக வருத்தம். கணவரும் மகனும் உள்ளே போக, இவர்கள் சுவருக்கு வெளியே நிற்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தும் உள்ளே விடவில்லையே என்ற தாங்கல் ஊர் திரும்பியும் ஆறுவதில்லை. பெண்கள் கப்ருகளை ஜியாரத் செய்வதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் என்பது பிரபலமான கூற்று. ஹனஃபீ மத்ஹபில், ஒப்பாரி போன்ற தவறுகள் இல்லாதவரை அனுமதி என்பது வலுவான கூற்று. சவூதி அறிஞர்கள் தடை என்ற கருத்தில் இருக்கிறார்கள். அங்கே அதுவே நடைமுறை. ஆயிஷா நாயகி மக்காவில் தம் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கப்ருக்குச் சென்ற செய்தியும், அது பற்றிக் கேட்கப்பட்டபோது, முன்னர் தடுத்த நபியவர்கள் பின்னர் அனுமதித்தார்கள் என்று விடையளித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. அந்த விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிட்டு, சகோதரிகளுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது வேறு. மேலே சொன்ன அந்த இரவின் ஹதீஸ் எப்படி நிறைவடைகிறது என்பதைப் பாருங்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும், அல்லாஹ்வின் தூதரே என்று கேட்டவர் ஆயிஷா (ரலி). அடங்கியிருக்கும் முஃமின்களுக்கு ஸலாம் உரைத்து, முன்சென்றோருக்கும் பின்வருவோருக்கும் ரஹ்மத்தை வேண்டி, நாமும் உங்களோடு சேர்பவர்களே என்று சொல்லும் அந்த வாசகத்தை நபியவர்கள் கற்றுக்கொடுத்தது ஒரு பெண்மணிக்கு. இன்று உள்ளே செல்கிற ஆண்கள் ஓதுவது, பெண் கேட்டுப் பெற்ற வாசகம். வெளியே நின்று அதை ஓதுகிற சகோதரிக்குச் சுவரால் எதுவும் குறைவதில்லை. உள்ளே ஓடி ஓடிப் படமெடுத்த கணவரைவிட அவர் அதிகமாகச் செய்திருக்கக் கூடும். இதைக் கணவர்மார்கள் கோபிக்காமல் படிக்கட்டும்.

இன்னொரு வாய்ப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் திறந்தே இருப்பது. ஹரமில் பர்ளுத் தொழுகை முடிந்ததும் ஜனாஸாத் தொழுகைக்கான அறிவிப்பு வருகிறது. ஏறக்குறைய எல்லா வக்துகளிலும் வருகிறது. அந்த அறிவிப்பு கேட்டதும் காலணியைத் தேடிக் கிளம்புகிறவர்களில் நம்மவர்கள் குறைவில்லை. பேரீச்சம்பழக் கடை காத்திருக்கிறதல்லவா. ஜனாஸாத் தொழுதவருக்கு ஒரு கீராத், அடக்கம் முடியும்வரை உடனிருந்தவருக்கு இரண்டு கீராத், ஒரு கீராத் உஹது மலையளவு நன்மை என்ற ஹதீஸை ஓதாதவர் நம்மில் எவருமில்லை. அந்த உஹது மலையைப் பார்க்கப் பேருந்தில் போகிறோம். அதன் அளவுள்ள நன்மை பள்ளியின் உள்ளேயே நம் பக்கத்தில் வைக்கப்படும்போது எழுந்து போய்விடுகிறோம். நான்கு தக்பீர்கள், சில நிமிடங்கள். முடிந்ததும் ஜனாஸாவைச் சுமந்தவர்கள் விரைந்த நடையில் பகீயை நோக்கிச் செல்வார்கள். தோள் கொடுக்க விரும்புகிறவரை எவரும் தடுப்பதில்லை. வரைபடம் ஏந்தி உள்ளே செல்வதைவிட ஒரு ஜனாஸாவின் பின்னால் உள்ளே செல்வது பகீக்கு ஏற்ற நுழைவு என்பது நம் எண்ணம்.

மதீனாவில் இறக்க வாய்ப்புள்ளவர் அங்கேயே இறக்கட்டும், அங்கு இறப்பவருக்கு நான் பரிந்துரைப்பேன் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதியில் உள்ளது. உமர் (ரலி) அவர்கள் ஷஹாதத்தையும் நபியின் ஊரில் மரணத்தையும் ஒருசேரக் கேட்டு வந்தார்கள், இரண்டும் கிடைத்தன. உம்ராவுக்குச் சென்ற இடத்தில் அந்த மண்ணையே அடைந்துவிட்டவர்கள் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளிடம் பெருமிதமும் ஏக்கமும் ஒன்றாகவே இருக்கும். பாக்கியம் என்று ஊர் சொல்லும். ஆனால் ஜனாஸா முகத்தைப் பார்க்கவில்லை, மண் போடவில்லை, கப்ரு எங்கே என்றும் தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. தந்தை மதீனாவில் மறைந்து சில ஆண்டுகள் கழித்து மகன் உம்ராவுக்குப் புறப்பட்டார். பகீயில் அத்தாவின் கப்ரை எப்படிக் கண்டுபிடிப்பது ஹஜ்ரத் என்று நம்மிடம் கேட்டார். கண்டுபிடிக்க இயலாது என்று சொல்ல வேண்டியிருந்தது. உஸ்மான் இப்னு மழ்ஊனின் கல்லைச் சொன்னோம். பெயர் குறிப்பிடாத அந்த துஆவையும் சொன்னோம். பகீஉல் கர்கத்வாசிகளுக்கென்று நபியவர்கள் கேட்ட மன்னிப்பு, பின்னாளில் அங்கே அடங்குவோரையும் சேரும் என்று ஆதரவு வைப்போர் உண்டு என்பதையும் சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். எந்த அளவு மனம் ஆறினார் என்பதை அப்போது அறிய முடியவில்லை.

திரும்பிவந்து அவரே சொன்னார். முதல் இரண்டு நாள்கள் ஃபஜ்ருக்குப் பின் பாதையோரமாக நடந்து, ஒவ்வொரு வரிசைக்கும் நின்று ஸலாம் சொல்லியிருக்கிறார். எந்த வரிசையில் அத்தா இருந்தாலும் விடுபட்டுவிடக் கூடாது என்று. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் ஒரு ஜனாஸா வந்தது. தோள் கொடுத்து உள்ளே போனார். குழியருகில் நின்று மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார். எந்த நாட்டவரின் ஜனாஸா என்று கேட்டீர்களா என்றோம். கேட்கத் தோன்றவில்லை என்றார்.